கேட்ட மொழியில் விடை

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவின் வழியே கிள்ளிப்பாலம் நோக்கி நடப்பவர் ஆரியசாலையை நெருங்கும்போது, எந்த மாநிலத்தின் தலைநகரில் நடக்கிறோம் என்று ஒரு கணம் ஐயுறக்கூடும். பருப்பும் மிளகாயும் வெல்லமும் அடுக்கிய மொத்த வணிகக் கடைகளில் கணக்குப் பேசுவது தமிழில். லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சுமைப்பணித் தொழிலாளர்கள் தமக்குள் பேசிக்கொள்வது மலையாளத்தில். உணவகத்தின் பின்கட்டில் காய் நறுக்கும் இளைஞர்கள் வங்காளத்திலோ ஒடியாவிலோ அசாமியத்திலோ பேசிக்கொள்கிறார்கள். மலையாளத் தொழிலாளி கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என்று அழைக்கிறார். அண்ணாச்சி அவரைச் ‘சேட்டா’ என்கிறார். ஒருவர் தம் மொழியில் கேட்கிறார், மற்றவர் தம் மொழியில் விடை சொல்கிறார், வேலை நடக்கிறது.

இந்தப் பன்மொழி வாழ்வு நேற்று முளைத்ததன்று. திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாலைக் கடைத்தெருவை அமைத்த காலம் முதல் நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வணிகரும் உழைப்பாளிகளும் இங்கே வந்து குடியேறினர். ஆரியசாலை, வலியசாலை, சாலை என்று அடுத்தடுத்து வரும் பெயர்கள், முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலையின் எச்சங்கள் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அது எவ்வாறாயினும், மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து இந்நகரின் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர் என்பதிலும், 1891இல் வெளிவந்த அவருடைய நாடக நூல் இந்நகரில் வாழ்ந்தவரின் படைப்பு என்பதிலும் ஐயமில்லை. தமிழ்நாட்டின் அரசு விழாக்களில் ஒலிக்கும் வாழ்த்துப் பாடலின் ஊற்று, இன்றைய கேரளத்தின் தலைநகரில் இருக்கிறது.

இதே கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்தியவர் எழுத்தாளர் ஆ. மாதவன். பள்ளியில் மலையாளம் வழியே படித்துத் தமிழில் எழுதிய அவர், சாலைத் தெருவின் கூலிகளையும் தரகர்களையும் கைவிடப்பட்டவர்களையும் தம் கதைகளில் நிலைநிறுத்தினார். பி.கே. பாலகிருஷ்ணனின் மலையாள நாவலைத் தமிழாக்கியதும் அவரே. 2015இல் சாகித்திய அகாதமி விருது பெற்று, 2021இல் மறைந்தார். இரண்டு மொழிகள் ஒரே மனிதரிடம் பகைமையின்றிக் குடியிருக்க முடியும் என்பதற்கு ஆரியசாலையிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்த சான்று அவர்.

ஆனால் கடைத்தெருவின் இந்தத் தாராளத்தை மிகைப்படுத்திப் போற்றுவது பிழை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டிய தேவை சமமாக இருப்பதால் சந்தையில் எல்லா மொழியும் செல்லுபடியாகிறது. அரசு அலுவலகத்தின் மேசைக்கு இருபுறமும் அத்தகைய சமநிலை இல்லை. விண்ணப்பிப்பவருக்கு அலுவலரின் தேவை உண்டு. அலுவலருக்கு விண்ணப்பிப்பவரின் தேவை இல்லை. மொழி உரிமை என்பது வீட்டிலும் தெருவிலும் என்ன பேசலாம் என்பதைப் பற்றியதன்று. அதை எந்தச் சட்டமும் பெரும்பாலும் தடுப்பதில்லை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எந்த மொழியில் விடை வருகிறது என்பதே கேள்வி.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் ஊர்வலம் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து இந்நகருக்கு வருகிறது. வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக் கோவிலிலும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும், கம்பர் வழிபட்டதாக மரபு கூறும் சரசுவதி கோட்டைக்கு அருகே நவராத்திரி மண்டபத்திலும் தங்க வைக்கப்படுகின்றனர். இரு மாநிலங்களின் காவல்துறையும் அணிவகுத்து மரியாதை செய்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் குமாரசுவாமிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை. அதே தெருவில் மூட்டை சுமந்து முதுகு வளைந்தவரின் ஓய்வூதிய விண்ணப்பத்துக்குத் தேவைப்படுகிறது.

சட்டத்தில் இருப்பது

இந்திய அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கக் கோரி மனுச்செய்யும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. நன்று. ஆனால் அந்த மனுவுக்கு அதே மொழியில் விடை தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தமிழில் எழுதிய மனுவுக்கு வேறொரு மொழியில் மறுப்புக் கடிதம் வந்தாலும் அரசியலமைப்பு மீறப்பட்டதாகாது.

இந்தக் குறையைக் கேரளம் தன்னளவில் நிரப்பியது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் அவ்வாறே எழுதலாம். விடையும் அதே மொழியில் அமைய வேண்டும். இந்திய மாநிலங்களின் மொழிச் சட்டங்களை ஒப்பிட்டால் இது முன்னேறிய ஏற்பாடு. அரசுப் பணியாளர் தேர்வாணையம் ‘தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர்’ என்ற தனிப் பணியிடத்துக்கு ஆள் எடுப்பதும் இதன் தொடர்ச்சியே.

எனினும் இச்சட்டம் கடிதங்களின் காலத்தில் எழுதப்பட்டது. 1969இல் குடிமகன் அரசோடு பேசியது ஒரு தாளில், தன் சொந்தச் சொற்களில். இன்று அவன் நிரப்புவது ஒரு படிவத்தை. அதுவும் பெரும்பாலும் கணினித் திரையில். குடும்ப அட்டை, நலவாரிய உறுப்பினர் பதிவு, மருத்துவக் காப்பீடு, நிலவரி என எல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்ட கட்டங்கள். கட்டத்தின் தலைப்பு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழி தெரிந்தவரே விண்ணப்பதாரர். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழி தெரிந்தவரே பயனாளி. கடிதம் எழுதும் உரிமை சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்க, கடிதம் என்ற ஒன்றே வழக்கொழிந்து வருகிறது.

இங்கே வர்க்க வேறுபாடு தெளிவாக வெளிப்படுகிறது. ஆரியசாலையின் பெரிய மொத்த வணிகருக்கு இது இடையூறே அன்று. அவரிடம் கணக்கர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார், ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த மகள் இருக்கிறாள். கடைச் சிப்பந்திக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் இருப்பது, படிவம் நிரப்பித் தருபவருக்குக் கொடுக்க வேண்டிய கூலி மட்டுமே. தாய்மொழியில் அரசை அணுக முடியாதவர் கொடுக்கும் இந்தச் சுங்கம் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் பதிவாவதில்லை. மொழிப் பிரச்சினையைப் படித்த நடுத்தர வர்க்கத்தின் பண்பாட்டுப் பெருமிதமாக மட்டும் சுருக்கிப் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதை.

உரிமையை அறிவித்துவிட்டு, அதை நடத்துவதற்கான ஏற்பாட்டைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளச் சட்டமன்றமே ஒரு காட்சியை வழங்கியது. 2021 மே 24 அன்று புதிய உறுப்பினர்கள் பதவியேற்றபோது தேவிகுளம் தொகுதியின் ஆ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். மஞ்சேஸ்வரம் தொகுதியின் உறுப்பினர் கன்னடத்தில் ஏற்றார். பல மொழிக்கு இடமளிக்கும் அவை என்று பலரும் மகிழ்ந்தனர். பின்னர் தெரிய வந்தது: ராஜாவின் கையில் தரப்பட்டிருந்த தமிழ் வாசகத்தில், கடவுளின் பெயராலோ உளமாரவோ உறுதி கூறுவதாகச் சொல்லும் இன்றியமையாத பகுதி விடுபட்டிருந்தது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை. ஜூன் 2 அன்று அவர் மறுபடியும் உறுதிமொழி ஏற்க வேண்டியதாயிற்று. முறையான உறுதிமொழியின்றி அவையில் அமர்ந்த நாள்களுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. தவறான தமிழை எழுதியவர் யாரோ. தண்டம் கட்டியவர் தமிழில் பேசியவர்.

ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், மூணாறுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மருத்துவச் சான்றிதழும் பணிக்கொடைக் கணக்கும் எந்த மொழியில், எவ்வளவு கவனத்தோடு எழுதப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் அந்தப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தெருவுக்கு வந்து, 20 விழுக்காடு போனசு கேட்டுப் போராடினர். அந்தப் பெயரே தமிழும் மலையாளமும் கலந்த தோட்டத்துப் பேச்சு. நிறுவப்பட்ட தொழிற்சங்கங்கள் எல்லாவற்றையும் அவர்கள் விலக்கி நிறுத்தினார்கள் என்பது இடதுசாரிகளும் எளிதில் கடந்துபோகக் கூடாத செய்தி.

ஒரே ஒரு ஜார்ஜியக் குழந்தை

கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 5 லட்சம் பேர். மக்கள்தொகையில் ஒன்றரை விழுக்காடு. இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்காக அலுவலகம்தோறும் ஏற்பாடு செய்ய முடியுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. இந்தியாவின் மொழிச் சிறுபான்மைப் பாதுகாப்பு முழுவதுமே எண்ணிக்கையின் மீது கட்டப்பட்டது. 1949இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, பள்ளியில் 40 மாணவரோ வகுப்பில் 10 மாணவரோ இருந்தால் தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியர் என்று வகுத்தது. மாநிலச் சீரமைப்பின்போது 1956இல் ஏற்கப்பட்ட ஏற்பாட்டின்படி, ஒரு நகராட்சியிலோ வட்டத்திலோ 15 முதல் 20 விழுக்காட்டினர் ஒரு மொழிச் சிறுபான்மையினர் எனில் முக்கிய அறிவிப்புகள் அந்த மொழியிலும் வெளிவர வேண்டும். மாவட்டம் என்றால் வரம்பு வேறு. அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வழிசெய்யச் சொல்கிறது. 350ஆ பிரிவின்படி மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலர் நியமிக்கப்படுகிறார். ஆனால் அவருக்கு ஆராய்ந்து அறிக்கை தரும் அதிகாரம் உண்டு, ஆணையிடும் அதிகாரம் இல்லை.

எண்ணிக்கை வரம்பு நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் அது ஒரு வழுக்குப்பாதையும் ஆகும். ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். பணியிடம் நிரப்பப்படாமல் காலந்தாழ்த்தப்படுகிறது. பெற்றோர் நம்பிக்கை இழந்து குழந்தைகளை வேறு பள்ளிக்கு மாற்றுகின்றனர். வகுப்பில் 10 பேர் 7 ஆகிறார்கள். அப்போது கோப்பில் எழுதப்படுவது: போதிய மாணவர் இல்லை. சட்டம் மீறப்படவில்லை, பள்ளி மட்டும் மறைந்துவிட்டது. மாநில எல்லையின் இருபுறமும், எல்லாச் சிறுபான்மை மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான நோய் இது.

இந்த இடத்தில் 1913ஆம் ஆண்டு டிசம்பரில் லெனின் எழுதிய ஒரு சிறு கட்டுரையை நினைவுகூர்வது பயனுடையது. ரஷ்யப் பள்ளி மாணவர்களின் தேசிய இனத்தைப் பற்றிய அக்கட்டுரையில் அவர் பீட்டர்ஸ்பர்க் நகரின் பள்ளிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்கிறார். 48,076 மாணவர்களில் ஜார்ஜியக் குழந்தை ஒன்றே ஒன்று. அந்த ஒரு குழந்தைக்குச் சம உரிமை தர முடியுமா என்று கேட்டுத் தாமே விடையும் தருகிறார். தனிப் பள்ளி நிறுவ முடியாது. அப்படிக் கோருவதும் சரியன்று. ஆனால் அக்குழந்தைக்கு ஜார்ஜிய மொழியில் பாடம் கேட்க அரசு செலவில்லாமல் ஓர் இடம் தரலாம், மைய நூலகத்திலிருந்து ஜார்ஜிய நூல்களை வரவழைக்கலாம், ஆசிரியரின் ஊதியத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கலாம். இவற்றில் எதுவும் இயலாத கோரிக்கையன்று என்பது அவர் வாதம்.

40க்கும் 10க்கும் இடையே சிக்கிக்கொண்ட இந்திய ஏற்பாட்டின் முன் இந்த ஒற்றைக் குழந்தையை நிறுத்திப் பார்க்கலாம். எண்ணிக்கை குறைந்தால் ஏற்பாட்டின் வடிவம் மாறலாம்: பள்ளி வகுப்பாகலாம், வகுப்பு வாரத்துக்கு இரு மாலைப் பாடங்களாகலாம். உரிமை என்பது ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே சுழியமாகி விடக் கூடாது. தேசிய இனங்களை மொழிவாரியாகத் தனித்தனிப் பள்ளிகளில் அடைத்து வைப்பதை எதிர்த்தவரும் லெனினே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே பள்ளி, ஒரே தொழிற்சங்கம், பல மொழிகள் என்பதே அவர் நிலைப்பாடு. கட்டாய ஆட்சிமொழி தேவையா என்று 1914இல் எழுதியபோது, மூன்று மொழிகளோடு வாழும் சிறிய சுவிட்சர்லாந்து எதையும் இழந்துவிடவில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார்.

பிரஸ்ஸல்சின் ஏற்பாடு

இன்றைய ஐரோப்பாவும் இக்கேள்வியை எதிர்கொண்ட இடம்தான். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1958இல் இயற்றிய முதல் ஒழுங்குமுறையே மொழியைப் பற்றியது. அன்று டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் என நான்கு ஆட்சிமொழிகள். இன்று 27 நாடுகள், 24 மொழிகள். எந்த நாட்டுக் குடிமகனும் இந்த 24இல் ஒன்றில் ஒன்றியத்தின் நிறுவனங்களுக்கு எழுதலாம். எழுதிய மொழியிலேயே விடை பெறுவது அவனது ஒப்பந்தவழி உரிமை. இவ்வளவு மொழிபெயர்ப்புக்கும் ஆகும் செலவு ஒன்றியத்தின் வரவுசெலவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பன்மொழி ஆட்சி கட்டுப்படியாகாது என்று தில்லியில் அவ்வப்போது எழும் குரலுக்கு இதுவே போதிய மறுமொழி.

ஐரோப்பிய ஒன்றியம் பெருமூலதனத்தின் கூட்டமைப்பு. கிரேக்க மக்களோடு கிரேக்க மொழியில் கடிதம் எழுதக் கடமைப்பட்ட அதே அமைப்புதான் அவர்களுடைய ஓய்வூதியத்தை வெட்டச் சொன்னது. மொழி உரிமை கிடைத்துவிட்டால் எல்லா நீதியும் கிடைத்துவிடும் என்று எவரும் மயங்க வேண்டியதில்லை. தவிரவும், அந்த 24 மொழிகளின் பட்டியலிலேயே ஒரு கோணல் இருக்கிறது. ஏறத்தாழ 5 லட்சம் பேர் பேசும் மால்டிய மொழி அதில் உண்டு. அதைப் போல் பல மடங்கு மக்கள் பேசும் கட்டலான் மொழி இல்லை. மால்டாவுக்கு ஓர் அரசு இருக்கிறது, கட்டலோனியாவுக்கு இல்லை என்பதே காரணம். 2023இல் ஸ்பெயின் அரசு கட்டலான், பாஸ்க், கலீசிய மொழிகளைச் சேர்க்கக் கோரியும் காரியம் எளிதில் முடியவில்லை. ஒவ்வோர் உறுப்பு நாடும் இசைய வேண்டுமாம்.

இந்தக் கோணல் கேரளத்திலும் அப்படியே இருக்கிறது. 1969 சட்டம் தமிழையும் கன்னடத்தையும் பெயர் சொல்லி ஏற்கிறது. அவற்றுக்கு அண்டையில் ஒவ்வொரு மாநிலம் இருக்கிறது. பிற சிறுபான்மையினர் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்கிறது. காசர்கோட்டின் துளுவுக்கு மாநிலம் இல்லை. அட்டப்பாடியின் இருளருக்கும் முதுகருக்கும் குறும்பருக்கும் மாநிலம் இல்லை. நிலத்தைப் பறிகொடுத்த ஓர் இருளப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் மனு எழுதிக்கொள்ளலாம் என்று சொல்வது எத்தகைய சலுகை?

மலையாளத்தின் நியாயம்

இவ்வளவையும் சொல்லும்போது மலையாளத்தின் நியாயத்தை மறந்துவிடக் கூடாது. சட்டமும் தீர்ப்பும் கோப்பும் மக்கள் மொழியில் அமைய வேண்டும் என்பது ஐக்கிய கேரள இயக்கத்தின் இதயமான கோரிக்கை. 1957இல் அமைந்த இ.எம்.எஸ். அரசு ஆட்சிமொழியாக மலையாளத்தைக் கொண்டுவரும் வழிகளை ஆராயக் கோமாட்டில் அச்சுத மேனன் தலைமையில் குழு அமைத்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஆங்கிலம் தன் இடத்தை முற்றாக விட்டுக்கொடுத்துவிடவில்லை. மறுபுறம் ஒன்றிய பாஜக அரசு வங்கியிலும் அஞ்சலகத்திலும் ரயில்வேயிலும் இந்தியைத் திணித்துவருகிறது. 2022இல் ஆட்சிமொழிக்கான நாடாளுமன்றக் குழு ஒன்றியத்தின் உயர்கல்வி நிறுவனங்களில் இந்தியைப் பயிற்றுமொழியாக்கப் பரிந்துரைத்தது. புதிய கல்விக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டுக்குரிய கல்வி நிதி நிறுத்தி வைக்கப்பட்டது. இந்த நெருக்கடியில் தன் மொழிக்குச் சட்டப் பாதுகாப்புத் தேடும் கேரளத்தைக் குறை கூற முடியாது.

2015இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மலையாள மொழி மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டு, ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஒரு மாநில மக்கள் தம் மொழியில் ஆளப்படுவதற்குத் தில்லியின் கையொப்பத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சியைக் கேலிக்குரியதாக்கும் செயல். 2025 அக்டோபரில் சட்டமன்றம் திருத்திய மசோதாவை நிறைவேற்றியது. பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தை முதல்மொழியாகக் கட்டாயமாக்கும் ஏற்பாட்டை எதிர்த்துக் காசர்கோட்டுக் கன்னடர்களின் சார்பில் கர்நாடக அரசு குரலெழுப்பியது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினரின் கடித உரிமையும் விடை பெறும் உரிமையும் மசோதாவிலேயே தனிப் பிரிவால் காக்கப்பட்டுள்ளன என்று கேரள அரசு விளக்கியது.

காப்புப் பிரிவு இருப்பது உண்மை. ஆனால் அது 1969இன் கடித உரிமையைப் புதிய தாளில் படியெடுத்தது போன்றது. படிவத்தைப் பற்றியும், திரையைப் பற்றியும், மொழிபெயர்ப்பாளர் பணியிடத்தைப் பற்றியும், விடை வராவிட்டால் யார் பொறுப்பு என்பதைப் பற்றியும் கடமைகளை வகுத்திருந்தால், ஆரியசாலைத் தொழிலாளிக்கும் காசர்கோட்டு உழவருக்கும் மலையாளத்தை அஞ்ச வேண்டிய காரணமே எழுந்திராது. பெரும்பான்மை மொழிக்குப் பக்கம் பக்கமாகக் கடமைகளும், சிறுபான்மை மொழிக்கு ஒரே பிரிவில் ‘பயன்படுத்தலாம்’ என்ற அனுமதியும் என்பது சமநிலை ஆகாது. தில்லி மலையாளத்துக்குத் தருவதும் இத்தகைய ‘லாம்’தான்.

இந்த மண்ணில் மொழிக் கசப்பு குருதி சிந்திய வரலாறும் உண்டு. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டத்தின்போது, 1954 ஆகஸ்டு 11 அன்று பட்டம் தாணு பிள்ளையின் அரசு மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தமிழர் உயிரிழந்தனர். தம் கட்சியின் அரசே பதவி விலக வேண்டும் என்று ராம் மனோகர் லோகியா அன்று கோரினார். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தேவிகுளமும் பீருமேடும் நெய்யாற்றின்கரையும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. கோடு எங்கே போடப்பட்டிருந்தாலும் இருபுறமும் சிலர் தவறான பக்கத்தில் நின்றிருப்பார்கள். மொழிவாரி மாநிலம் என்ற ஜனநாயகக் கோரிக்கை முழுமை பெறுவது, அந்தச் சிலரை அது எப்படி நடத்துகிறது என்பதில்.

தமிழ்நாடும் இந்தத் தேர்வை எழுத வேண்டியிருக்கிறது. விளவங்கோட்டில் மலையாளம் பேசுவோரும் ஓசூர்ப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோரும் வாழ்கின்றனர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்கீழ்ப் பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் கட்டாயமானபோது, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் விலக்குக் கோரி ஆண்டுதோறும் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. மாணவர் தமிழ் கற்க வேண்டும் என்பது சரி. அதற்கான ஆசிரியரைத் தராமல் தேர்வை மட்டும் வைப்பது சரியன்று. திருவனந்தபுரத்தில் தமிழுக்குக் கேட்பதை மார்த்தாண்டத்தில் மலையாளத்துக்கு மறுப்பவரின் தமிழ்ப்பற்று எவரிடமும் செல்லுபடியாகாது.

இடதுசாரிகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை இலங்கையில் இருக்கிறது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழி என்றால் இரண்டு நாடுகளாகும், இரண்டு மொழி என்றால் ஒரே நாடாக நிற்கும் என்று முழங்கியவர் லங்கா சம சமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. 16 ஆண்டுகளுக்குப் பின், கூட்டணி அரசின் அமைச்சராக 1972 அரசியலமைப்பை வடித்தவரும் அவரே; சிங்களத்தின் தனி இடத்தை அது அரசியலமைப்பிலேயே பொறித்தது. எதிர்க்கட்சி வரிசையில் தெளிவாகத் தெரிந்தது அமைச்சரவை மேசையில் மங்கிப்போயிற்று. அடுத்து வந்தவை எல்லோரும் அறிந்தவை.

ஆரியசாலைக்குத் திரும்பினால், கேள்வி தமிழோடு முடிவதில்லை. தமிழ் வணிகரின் கிடங்கில் இன்று மூட்டை அடுக்குபவர் முர்ஷிதாபாத்திலிருந்தோ கஞ்சாமிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த உழைப்பாளி நின்ற இடத்தில் அவர் நிற்கிறார். கேரள எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் தொடங்கிய ‘சங்ஙாதி’ திட்டம், ‘ஹமாரி மலையாளம்’ என்ற பாடநூலின் வழி இத்தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்கிறது. இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத, பாராட்டத்தக்க முயற்சி. புலம்பெயர்ந்த தொழிலாளி வந்த இடத்தின் மொழியைக் கற்பது அவருக்கே பாதுகாப்பு; கூலியைப் பேரம் பேசவும் சங்கத்தில் சேரவும் அது கருவி.

ஆனால் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்த தொழிலாளி மலையாளம் கற்று முடிக்கும்வரை இழப்பீட்டு விண்ணப்பம் காத்திருக்காது. மருத்துவமனை வாசலில், காவல் நிலையத்தில், தொழிலாளர் துறை அலுவலகத்தில் அவர் சொல்வதை அவர் மொழியில் கேட்டு எழுதுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அதற்கு முன்னேற்பாடு ஏதுமில்லாதபோது, உடன் வேலை செய்யும் இன்னொரு கூலித் தொழிலாளியே ஒரு நாள் கூலியை இழந்து மொழிபெயர்ப்பாளர் ஆகிறார். மொழிபெயர்ப்பாளர் பணியிடம், பன்மொழிப் படிவம், குறித்த நாளுக்குள் கேட்ட மொழியில் விடை தராத அலுவலகம் பொறுப்பேற்கும் விதி ஆகிய மூன்றையும் கோரும் இயக்கம் ஆரியசாலைத் தமிழரையும் காசர்கோட்டுத் துளுவரையும் பெரும்பாவூர் வங்காளியரையும் ஒரே மனுவில் கையொப்பமிட வைக்கும். அந்த மனு முதலில் மலையாளத்தில் எழுதப்பட வேண்டும். கையொப்பமிட வேண்டியவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள்.